பத்து நிமிஷம் ஓடி நிக்குது, ஆறினா மறுபடி ஓடுது: 1974 புல்லட், நானே பிரிச்சு மாட்டின எஞ்சின்

ஒத்தசிலிண்டர் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. சுருக்கமா கேட்டா முதல் பதிலே "ப்ளக் மாத்துங்க"ன்னு வரும். நாலு தடவை மாத்தியாச்சு.

வண்டி 1974 புல்லட் 350. 6 வோல்ட், பாயிண்ட் செட் (திறக்கும்போது ப்ளக்குக்குப் பொறி அனுப்பற சுவிட்ச்), வலது பக்கம் கியர். கார்புரேட்டர் ஒரிஜினல் இல்ல, எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் மாட்டின மிக்கார்ப் வி.எம். 24. 2013-ல எஞ்சினை மொத்தமா பிரிச்சேன். ரீபோரும் (சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்கறது) பிக் எண்டும் (கனெக்டிங் ராடோட அடி பேரிங்) மட்டும் வெளியே கொடுத்தேன், ஏன்னா போர் அடிக்கற மெஷினும் இல்ல, க்ராங்க்கை நேர் பார்க்கற வசதியும் இல்ல. பிஸ்டன் 0.50 ஓவர்சைஸ். மிச்சமெல்லாம் என் கை: ரெண்டு வால்வும் (இன்லெட், எக்ஸாஸ்ட்) புதுசு, வால்வுத் தண்டு ஏறி இறங்கற குழாயான கைடு ரெண்டும் புதுசு, சீல், கேஸ்கெட், டைமிங், எல்லாம். மாட்டி முடிச்சு ஓட்டினது மொத்தமே நாப்பது கிலோமீட்டர்தான் இருக்கும். அதுவும் ஒரு தடவைக்கு ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு மேல போனதில்ல. அப்புறம் வேலை மாற்றல், குழந்தை. மூலையில நிறுத்தி மேல ஒரு போர்வையைப் போட்டேன். பெட்ரோலைக்கூட வடிக்கல. 11 வருஷம். திட்டணும்னா திட்டிக்கோங்க, நான் ஏற்கெனவே நிறைய திட்டிக்கிட்டேன்.

எழுப்பறதுக்கு என்னென்ன செஞ்சேன்னு சொல்லிடறேன். டேங்க்கைக் கழுவினேன், ஒரு கை நிறைய துரு வந்துச்சு. கார்புரேட்டரோட மிதவை அறையில பெட்ரோல் வத்தி, அடியில பழுப்பு பிசின் படிஞ்சிருந்துச்சு. பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ஓட்டையே தெரியல. கழட்டி ஊற வெச்சு ஊதி எடுத்தேன். ப்ளக் ஓட்டை வழியா எண்ணெய் விட்டு ரெண்டு நாள் காத்திருந்து, டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடறது) பிடிச்சுக்கிட்டு மெதுவா மிதிச்சேன். சுத்திச்சு. ரிங் ஒட்டிக்கல, அந்த மட்டுக்கும் பிழைச்சேன்.

ஒண்ணை மறந்துட்டேன். இத்தனை வருஷத்துல எண்ணெய் டேங்க்ல இருந்ததெல்லாம் பம்ப் வழியா சொட்டுச் சொட்டா கசிஞ்சு க்ராங்க் அறைக்குள்ள இறங்கியிருந்துச்சு. அதை வடிக்காமலே ஸ்டார்ட் பண்ணிட்டேன். வண்டி இருக்கற இடமே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. பிரீதர் குழாய் எண்ணெயைத் துப்பிச்சு. அலறி அடிச்சு நிறுத்தி, எல்லாத்தையும் வடிச்சு, புது 20டபிள்யூ50 ஊத்தினேன். இப்ப புகை இல்ல.

இனி பிரச்சினை. ஆறின எஞ்சின்ல ரெண்டாவது உதைல எடுத்துடும். ஐட்லிங் அழகா இருக்கும். ஓட்டினா எட்டுலேர்ந்து பத்து நிமிஷம் நல்லா போகும். அப்புறம் ஒரு தடவை விக்கும், சைலன்சர்ல ரெண்டு சத்தம் "டமார், டமார்", உடனே நின்னுடும். அதுக்கப்புறம் எத்தனை உதைச்சாலும் ஒரு மூச்சுகூட விடாது. அரை மணி, முக்கால் மணி நேரம் விட்டுட்டு உதைச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மறுபடி பத்து நிமிஷம். ஆறு தடவை இப்படி ஆயிடுச்சு, ஆறு தடவையும் ஒரே மாதிரி.

பாயிண்ட் கேப் 0.38 மி.மீ. வெச்சிருக்கேன். டைமிங் 2013-ல வெச்சதுதான், இப்ப மறுபடி பார்த்தேன், பிஸ்டன் டாப்புக்கு (உச்சிக்கு) வர 0.8 மி.மீ. முன்னாடி பாயிண்ட் திறக்குது. டேப்பட் இடைவெளியை ஆறின எஞ்சின்ல பார்த்தேன், வால்வைத் திறக்கத் தள்ளற ரெண்டு புஷ் ராடும் விரலால சுத்தினா சுத்துது, மேல கீழ ஆட்டம் இல்ல.

இன்னும் ரெண்டு விஷயம், சம்பந்தம் இருக்கான்னு தெரியல. நல்லா ஓடற அந்தப் பத்து நிமிஷத்துலயும் ஐம்பதுக்கு மேல இழுக்க மாட்டேங்குது, யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. புது ரீபோர், இறுக்கமா இருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம், பெண்ட் பைப் (ஹெட்லேர்ந்து சைலன்சருக்குப் போற குழாய்) ஹெட்டுக்குப் பக்கத்துல முதல்ல தங்க நிறமாச்சு, இப்ப நீலமாயிடுச்சு. பார்க்க அழகாத்தான் இருக்கு.

எனக்கு உண்மையில தெரிய வேண்டியது இதுதான்: இது நான் 2013-ல பண்ணின தப்பா, இல்ல 11 வருஷம் சும்மா நின்னதால வந்ததா? முன்னதுன்னா எஞ்சினை இறக்கணும். பின்னதுன்னா மேலோட்டமா தேடினா போதும். எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்.

தீப்பொறி எழுதியது:

கண்டென்சர். கண்ணை மூடிக்கிட்டு சொல்லலாம் நண்பா.

சூடானா உள்ளே லீக் ஆகும், பாயிண்ட்ல பொறி பறக்கும், ப்ளக்குல ஒண்ணும் வராது. ஆறினா சரியாயிடும். நீங்க எழுதினது அப்படியே கண்டென்சரோட ஜாதகம். 0.2 மைக்ரோஃபாரட் சுத்துவட்டாரத்துல ஏதாவது ஒரு புது கண்டென்சரை, பழசோட இணைப்பைக் கழட்டிட்டு, வெளியில ஒயர் இழுத்து தற்காலிகமா கட்டிப் பாருங்க, டிஸ்ட்ரிபியூட்டரை முழுசா பிரிக்க வேண்டாம். அதுவும் இல்லன்னா காயில். காயிலும் சூட்டுல இதே வேலையைக் காட்டும்.

ரீங்காரம் எழுதியது:

பிஸ்டன் பிடிக்குது. புது ரீபோர்ல கேப் பத்தலன்னா சூட்டுல விரிஞ்சு சிலிண்டரைக் கவ்விக்கும், ஆறினா விட்டுடும். ஐம்பதுக்கு மேல இழுக்கலன்னு நீங்களே சொல்றீங்க. மேற்கொண்டு ஓட்டாதீங்க, ஹெட்டைக் கழட்டி சிலிண்டர் சுவர்ல கோடு விழுந்திருக்கான்னு பாருங்க.

பழையகைப்பிடி எழுதியது:

தம்பி, ரெண்டு பேர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். ஆனா நீ எழுதினதை வெச்சு எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இவ்வளவு எழுதினாய், முக்கியமான ஒன்றை எழுதவில்லை. வண்டி நின்ற பிறகு உதைக்கும்போது கிக்கர் கனமாக இருக்கிறதா, லேசாக இருக்கிறதா, இல்லை எப்போதும் போலவா?

கனமென்றால் ரீங்காரம் சொன்ன பக்கம் போகலாம். எப்போதும் போலவென்றால் தீப்பொறி சொன்ன பக்கம். லேசென்றால் இருவரும் இல்லை, மூன்றாவது ஒன்று.

சூட்டில் வந்து ஆறினால் போகிற கோளாறு திருடன் மாதிரி. நீ கருவிப் பெட்டியைத் திறந்து ஸ்பேனர் தேடுவதற்குள் ஹெட் ஆறத் தொடங்கிவிடும், அப்புறம் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதனால் நிற்பதற்கு முன்னாடியே தயாராகிக்கொள். கேப் வைத்த உதிரி ப்ளக் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். சிலிண்டரின் வலது பக்கம் டேப்பட் கவர் இருக்கிறதே, அதன் நட்டைக் கையால் கழற்றும் அளவுக்கு முன்பே தளர்த்தி வை. கொஞ்சம் எண்ணெய் கசியும், பரவாயில்லை. தூரம் போகாதே, வீட்டைச் சுற்றியே ஓட்டு.

நின்றதும் முதல் வேலை, சாவியை அணைத்துவிட்டு லீவரைப் பிடிக்காமல் ஒரு உதை. கம்ப்ரஷன் இருக்கிறதா பார். உடனே சாவியைப் போட்டு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்து. ஆம்ப்மீட்டர் முள் இடது பக்கம் சாய்ந்திருப்பது நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்து. உன் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் கேம் வேகத்தில், அதாவது க்ராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது, அதனால் பாயிண்ட் திறப்பது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் மட்டும்தான். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். சாவியை மறுபடி அணைத்துவிட்டு டேப்பட் கவரைத் திற. இரண்டு புஷ் ராடையும் விரலால் பிடித்து மேலே கீழே ஆட்டிப் பார். கை சுடும், துணி வைத்துக்கொள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ப்ளக். உதிரி ப்ளக்கை ஒயரில் செருகி ஹெட்டில் படவைத்து உதை. எஞ்சினில் இருக்கிற ப்ளக்கைக் கழற்றாதே, ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வந்து பொறியில் பிடித்துக்கொள்ளும். கடைசியாகப் பெட்ரோல் பைப்பை உருவி ஓட்டம் பார், டேங்க் மூடியைத் திறந்து ஒரு தரம், மூடி ஒரு தரம். மூடியில் இருக்கிற காற்றுத் துளை துருவில் அடைத்திருந்தாலும் பத்து நிமிஷத்தில்தான் நிற்கும்.

ஏன் இந்த வரிசை என்றால், பெட்ரோல் அடைப்பு அங்கேயே இருக்கும், எங்கேயும் ஓடாது. சூட்டில் மாட்டுகிற வால்வு ஓடிவிடும்.

நீலமான பைப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒத்தசிலிண்டர் எழுதியது:

தீப்பொறி, உங்க பேச்சைக் கேட்டு நேத்தே கண்டென்சர் மாத்தினேன். வெளியில கட்டி ஓட்டினேன். ஒன்பதாவது நிமிஷத்துல நின்னுச்சு. கண்டென்சர் பாவம்.

ஐயா, இன்னிக்கு நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் தயார் பண்ணிட்டு கிளம்பினேன். பதினொண்ணாவது நிமிஷம், டமார் டமார். சாவியை அணைச்சேன், உதைச்சேன்.

காத்துல கால் வெச்ச மாதிரி இருந்துச்சு. கம்ப்ரஷன்னு ஒண்ணு இல்லவே இல்ல. இத்தனை தடவை நின்னப்பவும் இப்படித்தான் இருந்திருக்கணும். நான் ஆத்திரத்துல உதைச்சுக்கிட்டே இருந்ததால கவனிக்கவே இல்ல.

முள்ளை நடுவுல நிறுத்தி, சாவியை அணைச்சு, கவரைத் திறந்தேன். இன்லெட் ராடு எப்பவும் போல சுத்துச்சு. எக்ஸாஸ்ட் ராடு லொடலொடன்னு ஆடுச்சு. விரலால தூக்கினா மூணு மில்லிமீட்டர் இருக்கும், மேல போயிட்டு கீழ வந்துச்சு. காலையில இதே ராடுல துளி ஆட்டம் இல்ல. ப்ளக்குல பொறி நல்ல நீலம். பெட்ரோல் ஓட்டமும் சரி, டேங்க் மூடி மூடினாலும் சரி, திறந்தாலும் சரி.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கவரை மூடாம பக்கத்துலயே உக்காந்து ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ராடைத் தொட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அரை மணி நேரம் போல ஆச்சு. ஹெட்டுக்குள்ளேர்ந்து "டக்"னு ஒரு சத்தம், யாரோ உள்ளே சொடக்கு போட்ட மாதிரி. தொட்டுப் பார்த்தா ராடு இறுகிடுச்சு. உதைச்சேன், கம்ப்ரஷன் வந்துடுச்சு. நான் எதையும் தொடல.

அப்ப எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபடியே மாட்டிக்குது, அவ்வளவுதானே?

பழையகைப்பிடி எழுதியது:

அவ்வளவுதான். அந்த "டக்" வால்வு ஸ்ப்ரிங் ஜெயித்த சத்தம். சூட்டில் வால்வுத் தண்டு பருத்துக் கைடுக்குள் இறுகிவிடுகிறது, ஸ்ப்ரிங்கால் இழுத்து மூட முடியவில்லை. ஆறினதும் தண்டு மெலிந்து விட்டுவிடுகிறது. சைலன்சரில் டமார் என்று கேட்பதும் அதனால்தான். வால்வு மூடாததால் எரியாத பெட்ரோல் பைப்புக்குள் போய் அங்கே பற்றுகிறது.

இனிமேல் அப்படி நின்ற பிறகு உதைக்காதே தம்பி. ராடு அவ்வளவு தளர்ந்திருக்கும்போது இடம் மாறி உட்கார்ந்துவிட்டால் வளையும்.

ஆனால் ஹெட்டை இறக்குவதற்கு முன் ஏன் என்று கேட்டுக்கொள். வால்வுத் தண்டு மாட்ட மூன்று காரணம் இருக்கலாம். கைடில் இடம் பத்தவில்லை. தண்டில் ஏதோ படிந்திருக்கிறது. அல்லது வால்வு இருக்க வேண்டியதைவிட அதிகமாகச் சூடாகிறது. நீ கைடை மட்டும் சரிசெய்துவிட்டு மூன்றாவதை விட்டால், ஒரு வருஷம் கழித்து வால்வு எரிந்துபோய் திரும்ப இங்கே வந்து எழுதுவாய்.

உன் நீலப் பைப்புக்கு வருகிறேன். நீ எழுதிய முதல் பதிவிலேயே பதில் இருக்கிறது. பைப் சீக்கிரமே நீலமாகிறது, ஐம்பதுக்கு மேல் இழுக்கவில்லை, டைமிங் மட்டும் சரியாக இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு ஆட்டோ அட்வான்ஸ் மேல்தான் சந்தேகம்.

நீ வைத்த 0.8 மி.மீ. என்பது எஞ்சின் நிற்கும்போது உள்ள டைமிங். 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அது டாப்புக்குச் சுமார் 10 டிகிரி முன்னால். உதைப்பதற்கும் ஐட்லிங்குக்கும் அது போதும். வேகம் ஏறும்போது பாயிண்ட் தட்டுக்குக் கீழே இருக்கிற இரண்டு எடைகள் வெளியே விரிந்து கேமைத் திருப்பி, பொறியை இன்னும் நன்றாக முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். 11 வருஷத்துக் கிரீஸ் காய்ந்து அந்த எடைகளைப் பிடித்துக்கொண்டிருந்தால் எவ்வளவு வேகத்திலும் அதே 10 டிகிரிதான். பொறி தாமதமாக வரும், எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும், எரிகிற நெருப்பே வால்வுத் தண்டை உரசிக்கொண்டு வெளியே போகும். வண்டி இழுக்காது, பைப் நீலமாகும், வால்வு வேகும். உதை உன்னைத் திருப்பி அடிக்கவில்லை என்பதால் எடைகள் விரிந்த நிலையில் மாட்டவில்லை, சுருங்கிய நிலையில்தான் மாட்டியிருக்கின்றன.

சோதிப்பது சுலபம். பாயிண்ட் மூடியைத் திறந்து நடுவில் இருக்கிற கேமை விரலால் சுற்றும் திசையில் திருப்பிப் பார். கொஞ்சம் திரும்பி, விட்டதும் ஸ்ப்ரிங்கில் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும்.

இன்னொன்று, ஹெட்டில் வால்வை அழுத்துகிற ராக்கருக்கு எண்ணெய் ஏறுகிறதா என்றும் பார். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஹெட்டுக்குப் போகிற எண்ணெய்ப் பைப்பின் பேஞ்சோ போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினால் எண்ணெய் ஊற வேண்டும். நீண்ட நாள் நின்ற வண்டியில் அந்தக் குழாய் அடைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒத்தசிலிண்டர் எழுதியது:

ஐயா, கேம் அசையவே இல்ல. விரலால திருப்பினேன், நகம் வலிச்சதுதான் மிச்சம்.

பாயிண்ட் தட்டைக் கழட்டினேன். உள்ளே கிரீஸ் இல்ல, அரக்கு. எடை ரெண்டும் அதுக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. 2013-ல "நல்லா இருக்கட்டும்"னு நானே அள்ளி அப்பின கிரீஸ்தான் அது. மண்ணெண்ணெய்ல ஒரு ராத்திரி ஊற வெச்சு, பிரஷ் போட்டுக் கழுவினேன். ஸ்ப்ரிங் ரெண்டும் நல்லா இருக்கு. இப்ப திருப்பி விட்டா பட்டுனு திரும்பி வருது. ஊசி முனையால ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும் விட்டேன்.

ராக்கருக்கு எண்ணெய் ஏறுது. போல்ட்டைத் தளர்த்தினதும் கசிஞ்சு என் சட்டைலயே ஊத்திச்சு.

அட்வான்ஸ் சரியானதும் ஒரு ஓட்டம் போய்ப் பார்த்தேன், பொறுமை இல்ல. அடேயப்பா, இந்த வண்டி இப்படி ஓடும்னு எனக்கு 2013-லயும் தெரியாது. அறுபதைத் தாண்டி இழுக்குது. ஆனா பத்தொன்பதாவது நிமிஷத்துல மறுபடி டமார். பத்து பத்தொன்பது ஆச்சே தவிர நிக்கறது நிக்கல.

ஹெட்டைக் கழட்டப்போறேன். கைடுல என்ன பார்க்கணும்னு யாராவது சொல்லுங்க.

மைக்ரோமீட்டர் எழுதியது:

நான் சிலிண்டர் ஹெட் வேலை செய்கிறவள். கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: புது கைடுகளை ஹெட்டில் இறக்கிய பிறகு ரீமர் (துளையை உள்ளே சீவி அளவுக்குக் கொண்டுவரும் கருவி) ஓட்டினீர்களா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. கைடின் வெளி விட்டம் ஹெட்டில் இருக்கிற துளையைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், அப்போதுதான் இறுகி நிற்கும். அழுத்தி இறக்கும்போது அந்த இறுக்கம் உள்ளே இருக்கிற துளையையும் நெருக்கிச் சிறிதாக்கிவிடும். கையில் வைத்துப் பார்க்கும்போது வால்வு சரளமாகப் போன கைடு, ஹெட்டில் ஏறிய பிறகு அப்படி இருக்காது. அதனால் இறக்கிய பிறகுதான் ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எக்ஸாஸ்டுக்கு இன்லெட்டைவிடச் சற்று அதிக இடம் விட வேண்டும், அது அதிகமாகச் சூடாகிறது.

வால்வை வெளியே எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். சுத்தியால் தட்டி இறக்காதீர்கள். முதலில் தண்டின் நுனியில், காலர் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் நுண்ணிய எண்ணெய்க் கல்லால் தேய்த்து எடுத்த பிறகு உருவுங்கள், இல்லையென்றால் அந்தப் பிசிறே கைடைக் கீறிவிடும். தண்டு வெளியே வந்ததும் துடைக்காமல் முதலில் பாருங்கள். எங்கே பளபளப்பு, எங்கே பழுப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒத்தசிலிண்டர் எழுதியது:

மேடம், உங்க கேள்விக்குப் பதில் தேடி 2013 நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும் என்ன பண்ணினேன்னு எழுதி வெச்சிருந்தேன். எக்ஸாஸ்ட் கைடு இறக்கின நாள்ல என் கையெழுத்துல இப்படி இருக்கு: "வால்வு கொஞ்சம்கூட ஆடல. இறுக்கமா, சூப்பரா உக்காந்துடுச்சு." கீழே ரெண்டு கோடு வேற போட்டிருக்கேன். ரீமர்ங்கற வார்த்தையே நோட்டுல எங்கயும் இல்ல.

ஹெட் கழட்டினேன். இன்லெட் வால்வு விரலுக்கே வந்துடுச்சு. எக்ஸாஸ்ட் வரல. நீங்க சொன்ன மாதிரி நுனியைத் தடவினேன், பிசிறு இருந்துச்சு, எடுத்தேன். அப்புறம் சுத்திச் சுத்தி மெதுவா உருவினேன். தண்டு முழுக்க காப்பி டிகாக்ஷன் நிறத்துல ஒரு படலம், நகத்தால சுரண்டினா வரல. அதுக்கு நடுவுல எதிரெதிர் பக்கத்துல ரெண்டு பளபளக்கற கோடு, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. அந்தப் படலம் முதல் நாள் புகையில எரிஞ்ச எண்ணெயா இருக்குமா?

சிலிண்டர் சுவர்ல ஒரு கீறல்கூட இல்ல. ரீங்காரம், பயமுறுத்தினீங்க, ஆனா அந்தச் சாக்குல பார்த்தாச்சு, நிம்மதி.

மைக்ரோமீட்டர் எழுதியது:

எதிரெதிர் பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு கோடு என்றால், இடம் இல்லாத கைடில் தண்டு இரண்டு முனையிலும் உரசியிருக்கிறது. படலம் எரிந்த எண்ணெய்தான். புதிதாகச் சேர்ந்தது கொஞ்சமாக இருக்கலாம், ஆனால் கைடில் ஏற்கெனவே இடமே இல்லாதபோது கொஞ்சமே போதும்.

தண்டை மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். தேயாமல் சரியாக இருந்தால் அதே வால்வைச் சுத்தம் செய்து போடலாம். கோடு விரலில் தட்டுப்பட்டால் புது வால்வு. கைடுக்குக் கை ரீமர், நேராக, ஒரே திசையில், பின்னுக்குத் திருப்பாமல். ரீமர் போட்ட பிறகு வால்வு உட்காரும் இடமும் மாறியிருக்கலாம், அதனால் நீலச் சாயம் தடவி, சீட் (அந்த உட்காரும் இடம்) முழு வட்டத்துக்கும் படுகிறதா பாருங்கள். படவில்லையென்றால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு மணிக்கணக்கில் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், சீட் கட்டர்தான் போட வேண்டும்.

ஒத்தசிலிண்டர் எழுதியது:

பன்னிரண்டு நாள் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும்.

ரீமரை இரவல் வாங்கித்தான் போட்டேன். எக்ஸாஸ்ட் கைடுலேர்ந்து கரும்பொடி கொட்டிச்சு. இன்லெட்லயும் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் பெரிசா வரல, அது எப்படியோ தானா சரியா அமைஞ்சிருக்கு. வால்வுத் தண்டு மூணு இடத்துலயும் ஒரே அளவு, கோடு விரல்ல தட்டுப்படல, அதனால அதே வால்வு. நீலம் தடவினதுல சீட்ல கால்வாசி வட்டம் படல. கட்டர் வெச்சிருக்கறவர்கிட்ட கொடுத்து ஒரு சுத்து எடுத்துட்டு, லேசா பேஸ்ட் போட்டேன். போர்ட்ல மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு மணி நேரம் வெச்சேன், ஒரு சொட்டு இறங்கல.

மாட்டினேன். முதல் ஓட்டம் முடிஞ்சு ஆறினதும் ஹெட் நட்டை மறுபடி இறுக்கி, டேப்பட் மறுபடி பார்த்தேன். சீட் வெட்டினதால வால்வு மேல ஏறியிருக்கும், டேப்பட் இறுகிடும்னு ஐயா போன்ல சொன்னார். ஆமா, மாட்டினதும் எக்ஸாஸ்ட் ராடு சுத்தவே இல்ல, இறக்கி வெச்சேன்.

நேத்து நாப்பத்தஞ்சு நிமிஷம் நிறுத்தாம ஓட்டினேன். முதல்ல வீட்டைச் சுத்தி, அப்புறம் தைரியம் வந்து கொஞ்ச தூரம். பத்தாவது நிமிஷமும் பத்தொன்பதாவது நிமிஷமும் வரும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். ஒண்ணும் ஆகல. திரும்பி வந்து நிறுத்தி, சூடு ஆறறதுக்கு முன்னாடியே வேணும்னே உதைச்சேன். முதல் உதை.

என் முதல் கேள்விக்கு நானே பதில் எழுதிடறேன், நாளைக்கு யாராவது தேடி வந்தா உதவும். தப்பு என்னுதும்தான், சும்மா நின்னதும்தான். கைடு 2013-லயே இறுக்கம். ஆனா அன்னிக்கு ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு மேல ஓட்டாததால அது தெரியற அளவுக்கு எஞ்சின் சூடானதே இல்ல. அதுக்கு மேல நின்ன வருஷங்கள்ல கிரீஸ் இறுகி அட்வான்ஸ் மாட்டி, சூடு ஏறி, புகையில எண்ணெய் படிஞ்சு மிச்ச இடமும் போச்சு. அட்வான்ஸை மட்டும் சரி பண்ணினப்போ பத்து நிமிஷம் பத்தொன்பதாச்சு பாருங்க, அதுதான் எனக்கு ரெண்டும் உண்டுன்னு காட்டிக் கொடுத்துச்சு.

இன்னொரு சின்ன விஷயம். காலைல முதல் கியர் போட்டா வண்டி முன்னாடி பாயுது, கிளட்சை முழுசா பிடிச்சாலும். பிளேட் ஒட்டிக்கிச்சுன்னு நினைக்கறேன்.

பழையகைப்பிடி எழுதியது:

ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஸ்டார்ட் பண்ணும் முன் கிளட்சைப் பிடித்தபடி கிக்கரை நாலு தரம் மிதி, பிளேட் பிரிந்துவிடும். அதிலும் பிரியவில்லை என்றால் கவரைத் திறந்து எடுத்துக் கழுவு. பெண்ட் பைப்பின் நீலத்தைப் பாலிஷ் போட்டு எடுக்காதே, அப்படியே விடு. இனி அந்த நீலம் பரவுகிறதா என்று மாதம் ஒரு தரம் பார்த்துக்கொள். பரவினால் அட்வான்ஸை மறுபடி பார்.

தீப்பொறி எழுதியது:

அந்தப் புது கண்டென்சரைத் தூக்கிப் போட்டுடாதீங்க நண்பா. பழசு எப்படியும் ஒரு நாள் போகும்.